ஒன்னராடம்

கால் வீங்கிப்போய் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தேன். செருப்பு நுழையாத காலோடு போனவள் நடந்தே திரும்பினேன். அதில் டாக்டருக்குப் பாதிப் பங்கு. மீதி மருந்துப் பிள்ளைக்கும் எனக்கும்.

மருந்துப் பிள்ளை என்பது நான் வைத்த பேர். மருந்துப் படிப்பு முடித்துவிட்டு வார்டில் பயிற்சிக்கு வந்த மதுரைக்காரி. இருபத்தைந்து வயதிருக்கும். மலையாளம் அவள் நாக்கில் ஏறவில்லை. எல்லையோரப் பனச்சமூட்டுக்காரியான நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டி, வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"பாட்டியா? அம்மச்சீன்னு விளி மக்கா."

பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். பேரெல்லாம் இங்கிலீஷில், எனக்கு வாசிக்கத் தெரியாது. நிறத்தைப் பார்த்தே எது எதற்கென்று சொல்லிவிடுவேன். கடைசியில் நீர் போகிற மாத்திரை வந்தது.

"இது ஒன்னராடம்."

"ஒன்னரையா அம்மச்சி?"

ஒரு சொல்லை இரண்டாம் தடவை சொல்வது எனக்குப் பிடிக்காது. "ஆமா, அதாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை, அவளுக்கு மார்க் போடுகிற மேடம் வந்தார். திருவனந்தபுரத்துக்காரர். காகிதத்தைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. தினமும் ஒன்றரை மாத்திரையா என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார்.

"அய்யோ, இல்ல! ஒன்னராடம்!"

அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒன்னராடம் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். குழாயில் தண்ணீர் வருவது ஒன்னராடம், மீன்காரி வருவதும் ஒன்னராடம். மதுரையில் அந்தச் சொல் கிடையாது என்று நான் கண்டேனா? அவள் எழுதியபடி தந்திருந்தால் நான் கட்டிலை விட்டுக் கழிப்பறைக்கே குடிபோயிருப்பேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்துக்கு வரவில்லை.

"வெறும் 'ஆமா' போரா" என்றார் பிள்ளையிடம்; போதாதாம். எப்படிச் சாப்பிடுகிறார், எந்தெந்த நாள் சாப்பிடுகிறார் என்று தெளிகிறவரை கேட்க வேண்டுமாம்.

"ஆமான்னு சொன்னது நானாக்கும். அவளுக்கு மார்க்கைக் குறைக்காதீங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"அம்மச்சிக்கு மார்க் இல்லல்லோ" என்றார் மேடம்.

குறைத்தே விட்டார். நான் வீட்டுக்குப் போகும் நாளில் மறுபடி வந்து பார்ப்பாராம். அன்றும் சரியில்லை என்றால் பிள்ளை இதே வார்டில் இன்னொரு மாதம் இருக்க வேண்டும். அடுத்த மாதம்தான் அவள் அக்காளுக்கு வளைகாப்பு. பிள்ளையின் கண் கலங்கியது.

"கலங்காதே மக்கா. நான் உன்னக் கரையேத்துவேன்."

"நீங்க தள்ளிவிட்டதே போதும் அம்மச்சி" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அந்த நாள் வந்தது. மேடம் காகிதமும் பேனாவுமாகக் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பிள்ளை மாத்திரைகளைப் போர்வைமேல் பரப்பி ஒவ்வொன்றையும் விளக்கினாள். நான் திருப்பிச் சொன்னேன். நீர் மாத்திரைக்கு அவள் மதுரைத் தமிழிலேயே "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்றேன். மேடத்தின் பேனா ஓடியது. அத்தோடு முடிந்தது என்று மூச்சுவிட்டேன்.

பிள்ளை முடிக்கவில்லை. ஒரு காலண்டரை என் மடியில் வைத்தாள். "இங்க வர்றதுக்கு முந்தின வாரம் எந்தெந்த நாள் போட்டீங்க? விரல் வச்சுக் காட்டுங்க."

புதன்கிழமையில் வைத்தேன். வெள்ளிக்கிழமையில் வைத்தேன். பிறகு விரல் செவ்வாய்க்கிழமைக்குத் தாவியது.

"ஞாயித்துக்கிழமை?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை போடலையா அம்மச்சி?"

மேடத்தின் பேனா நின்றது. நான் வாயை மூடிக்கொண்டால் பிள்ளைக்கு இன்னொரு மாதம். சொன்னால் எனக்கு மானக்கேடு.

"அந்த மாத்திரை போட்டா கால் மணிக்கூருக்கு ஒருக்க ஓடணும். எங்க போதகரு பிரசங்கம் தொடங்கினா நிறுத்துறதுக்கு ஆளில்ல. நான் சபையில முன்பெஞ்சுக்காரி. நடுவுல எந்திரிச்சா அத்தனை பேரும் பாப்பாங்க. அதனால மாத்திரை நாள் ஞாயித்துக்கிழமையில வந்தா போட மாட்டேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை விட்டா செவ்வாய்க்கிழமைதான்! நாலு நாள்!" என்றாள் பிள்ளை.

கால் வீங்கிய காரணம் அங்கே கிடந்தது. அதுவரைக்கும் வீட்டில் எல்லாரும் கருவாட்டைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது மேடமே சிரித்துவிட்டார். டாக்டரைக் கேட்டு வந்தார்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து மத்தியானம் போட்டால் போதும்.

பிறகு ஒரு ஃபாரத்தை நீட்டினார். பிள்ளை நன்றாகச் செய்தது என்ன, திருத்த வேண்டியது என்ன என்று நோயாளியும் சொல்ல வேண்டுமாம். தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். "எனக்கு எழுத்து தெரியும்" என்று பேனாவை வாங்கினேன். ஞாயிறு பள்ளியில் படித்த தமிழ் எழுத்து. அதற்குமேல் பள்ளிக்கூடம் போகவில்லை. பத்து நிமிஷம் ஆனது. மேடம் பொறுமையாக நின்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் பிள்ளையிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

"நல்லது: விடாமல் கேட்பாள்" என்று வாசித்தவள், அடுத்த வரியில் தயங்கினாள்.

"வாயிக்கு" என்றார் மேடம்.

"திருத்த வேண்டியது: அம்மச்சி முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்ல வேண்டும்."

மேடம் என்னைப் பார்த்தார். பிள்ளையின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வளைகாப்புக்குப் போகலாம் என்றார்.

பையைக் கட்டிக்கொண்டே மெல்லக் கேட்டேன்: "அப்போ, குற்றம் கருவாட்டு மேல இல்லல்லா?"

"உப்பு உப்புதான் அம்மச்சி. கருவாடு கூடாது" என்றாள் மருந்துப் பிள்ளை. "ஒன்னராடம்கூடக் கூடாது."