அமாவாசைக்கு வைத்த ஸ்ட்ராபெரி சிரப்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். எங்கள் ஃபிரிட்ஜில் ஸ்ட்ராபெரி சிரப் குடியேறியதே அதனால்தான் என்றால் சிரிப்பீர்கள். மனுஷன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுவார். சர்க்கரை மளமளவென்று இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை உதறும். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பெண்ணிடம், இதைக் கொடுக்கலாமா என்று கடையில் வாங்கிய சிரப் பாட்டிலைக் காட்டினேன்.

"பழமெல்லாம் பேருக்குத்தாம்மா, சத்து ஒண்ணும் கிடையாது. முழுக்கச் சீனி. ஆனா இப்படி இறங்குறப்ப தண்ணியில கலந்து குடுங்க, சட்டுனு ஏறும்."

அது அவருக்குச் சாக்காகப் போயிற்று. நன்றாக இருக்கும் நாளிலும் "கை நடுங்குதுடி" என்று வந்து நிற்பார். விருந்தாளிகளுக்கு எலுமிச்சையும் சப்ஜா விதையும் சேர்த்து சர்பத் கலக்கினால், பாலில் வெந்த சேமியா மேல் இரண்டு கரண்டி ஊற்றினால், முதல் ஆளாக மூக்கை நீட்டுவார். நானும் திட்டிக்கொண்டேதான் கொடுப்பேன்.

போன கோடையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். செத்தவருக்குப் பிடித்ததை அமாவாசைப் படையலில் வைப்பது எங்கள் வழக்கம். சோறு கறியோடு, ஒரு டம்ளர் பாலில் சிரப் கலந்து படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பிறகு பார்த்தால் பாட்டிலில் சிரப் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் நானும் மகனும்தான். நான் தொடுவதில்லை. அவனோ உடம்பைக் குறைக்கிறேன் என்று டீக்கே சீனி வேண்டாம் என்கிறவன். அப்படியானால் வருவது அவர்தான் என்று முடிவு கட்டினேன். பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தீர்ந்ததும் புதுப் பாட்டில் வாங்கி வைத்தேன்.

ஒரு மத்தியானம் காட்டிலிருந்து சீக்கிரமே திரும்பினேன். அடுப்படியில் சத்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன்.

"நீங்களா?" என்றேன்.

திறந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால் என் மகன் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பாட்டிலை வாயில் வைத்திருந்தான். கை உதறியதில் அது பல்லில் கடகடவென்று இடித்தது.

"ஒண்ணுமில்லம்மா, இந்தா சரியாயிரும்."

"எத்தன நாளாடா?"

"அய்யா இருக்கும்போதே. அவுகளோட நீ பட்ட பாடு போதும்னு சொல்லல. சர்க்கரைக்கு மாத்திரை போடுறேன்ல."

அவனைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு ஊட்டினேன். கை கழுவாமலே படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"வாரதுன்னா வாசல் வழியா வாங்க. எம்புள்ள உடம்புக்குள்ள எதுக்கு வந்தீங்க?" என்று கத்தினேன்.