சன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்ட பெயர்

போலியோவில் கால் சூம்பிய என் மகளைத் தோட்டப் பள்ளியில் சேர்க்கப் போனேன். “இந்தப் பிள்ளைக்கு இங்க எடமில்லம்மா, ஈப்போ டவுனுல பாருங்க லா,” என்றார் தலைமையாசிரியர்.

“எந்தச் சட்டத்துல அப்படி இருக்கு சார், காட்டுங்க,” என்றேன். அவர் பதிவேட்டை மூடிவைத்தார்.

ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது தோட்டக் கணக்கர் கிராணி பெயர் கூப்பிட்டால்தான் எங்களுக்கு வேலை. கூப்பிடாவிட்டால் அந்த ஆளே இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டு, அவளை முதலாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே நின்றேன். வாத்தியார் எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்ததும் அவள் பெயரை நான் கூப்பிட்டேன். “உள்ளேன் ஐயா!” என்று கத்தினாள்.

நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் வாத்தியாரே அவளைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை.

“கூப்பிட்டா மட்டும் போதாது சார். பதிவுல எழுதுங்க, பாத்துட்டுப் போறேன்.”