பெர்மெத்தை எங்கே படிக்க வைப்பது

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் அத்பாஷியில் சைரா டீச்சர் வீட்டு வாசலில் செருப்பு குவியும். பதினோராம் வகுப்பை முடித்த பிள்ளையை இழுத்துக்கொண்டு, புளித்த குதிரைப்பால் குமிஸ் ஒரு பாட்டிலோ ஒரு பொட்டலம் மிட்டாயோ கையில் வைத்துக்கொண்டு பெற்றவர்கள் வந்து உட்காருவார்கள். அடுத்து எதில் சேர்க்கலாம் என்று கேட்பார்கள். வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டதுதான். முகத்தில் அடித்தாற்போல் பேசுவாள். இவனுக்குச் சட்டப் படிப்பா, நாலு வரி சேர்ந்தாற்போல் வாசிக்கத் தெரியாதவன் கோர்ட்டில் போய் என்ன கிழிப்பான், வெல்டிங் கற்றுக்கொள்ளட்டும் என்பாள். வக்கீலுக்குப் படித்த எத்தனையோ பேர் மாஸ்கோவில் பெட்டி தூக்குவதைச் சொல்லிக் காட்டுவாள். அம்மாக்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு போவாள். ஆனால் இரண்டு வருஷம் கழித்து அதே அம்மாக்காரி வந்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொள்வாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானாக வளரும் என்பார்கள். சைராவின் பிள்ளை தானாகத்தான் வளர்ந்தது, எதிர் வீட்டில்.

சைரா இருபது வயதில் எசெனைக் கட்டிக்கொண்டு வந்தபோது, அவனுடைய அண்ணன் தொலோபெக்குக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். வீட்டில் தொட்டில் ஆடவில்லை. முதல் குழந்தை மூத்தவனுக்கு என்று மாமனார், சைராவுக்கு வயிறு தெரிவதற்கு முன்பே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது, மருமகளை யாரும் கேட்பதில்லை. பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் ஓரகத்தி ஊல்கான் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைமாறாகச் சைராவின் தோளில் ஒரு புதுக் கம்பளிக் கோட்டைப் போர்த்திவிட்டுப் போனாள். கொடுத்த பிள்ளையைப் பெற்றவள் மகளே என்று அழைக்கக் கூடாது. ஊருக்கே தெரியும், ஊரே வாயை மூடிக்கொள்ளும். பெர்மெத் என்று பெயர் வைத்ததுகூட ஊல்கான்தான். குழந்தை பேசத் தொடங்கியதும் ஊல்கானை அம்மா என்றது, சைராவைச் சித்தி என்றது. சைராவுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்களை வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியவில்லை, அவளுக்கு அதில் விருப்பமும் இல்லை.

ஊல்கானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாசல் அறையில் கடை வைத்திருந்தாள், மாவு, சர்க்கரை, போனுக்கு ரீசார்ஜ். கொல்லையில் ஐந்து மாடு. கைக்கு இருந்த வேலை போதாதென்று வாய்க்கும் நிறைய வேலை கொடுத்தாள். அவள் டீச்சரம்மா என்று கூப்பிட்டால் வசவு மாதிரியே கேட்கும். சைராவும் சளைத்தவள் இல்லை. மாடு வேலி தாண்டி உருளைக்கிழங்கில் வாய் வைத்தது, பனிக்கட்டியை வழியில் ஒதுக்கியது யார் என்று வருஷம் முழுக்க இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். மாட்டுக்கும் பனிக்கும் அந்தச் சண்டையில் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெர்மெத் கெட்டிக்காரி. அவள் கடைசி வகுப்புக்கு வந்ததும் அடுத்த படிப்பு என்ன என்ற பேச்சு எழுந்தது, இரண்டு வீட்டுக்கும் நடுவே நெருப்புப் பற்றிக்கொண்டது. பக்கத்து நகரமான நாரினில் நர்ஸ் படிப்பு போதும் என்றாள் ஊல்கான். வெள்ளிக்கிழமை மினிபஸ் ஏறினால் சாப்பாட்டு வேளைக்கு மகள் வீட்டில் இருப்பாள். டாக்டராக வேண்டிய பெண்ணை ஊசி குத்த அனுப்புகிறாளே என்று சைரா கொதித்தாள். தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவப் படிப்பு, அதற்குக் குறைந்து ஒன்றும் கிடையாது என்று எசென் மூலமாகத் தொலோபெக்குக்குச் சொல்லி அனுப்பினாள். எசென் பாதியை வழியிலேயே விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வான். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் வழி சொல்கிறவளுக்கு இந்த ஒரு பிள்ளை விஷயத்தில் மட்டும் வாய் திறக்க உரிமையில்லை.

ஆனால் பாடம் சொல்லிக்கொடுக்க உரிமை இருந்தது. குளிர்காலம் முழுக்கச் சாயங்காலம் பெர்மெத் வந்து சைராவின் சமையலறையில் உட்கார்ந்து படித்தாள். சைராவுக்கு நாளில் அந்த நேரம்தான் நாள். ஒரு சாயங்காலம், வகுப்பில் யாராலும் போட முடியாத கணக்கு ஒன்றைப் பெண் சரியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சைராவுக்கு மனசு தளும்பிவிட்டது.

"பிஷ்கெக்ல என் தங்கச்சி வீட்ல தங்கிப் படிப்பே. நான் அடிக்கடி வருவேன். அங்க நம்மள யாருக்கும் தெரியாது பெர்மெத். அங்க என்னைச் சித்தின்னு கூப்பிட வேண்டியதில்ல."

பெர்மெத் பேனாவை மூடினாள். "வேற என்னன்னு கூப்பிடறது?"

"உனக்குத் தெரியாதா?"

நேரமாகிவிட்டது, அம்மா தேடுவாள் என்று சொல்லிப் பெண் எழுந்து போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும். சைராவோ அன்று ராத்திரி முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

பொதுத் தேர்வு முடிவு வந்தது. பெர்மெத் எந்தக் கல்லூரியின் கதவையும் தட்டலாம் என்கிற அளவுக்கு மதிப்பெண். தொலோபெக் ஆடு அடித்தார், சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தில் சைராவைக் கண்டால் தலைமையாசிரியரே எழுந்துவிடுவார். இங்கே அவள் இளைய மருமகள், கதவோரமாகச் சமோவார் கொதிகலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டியவள். அரைக் கோப்பை ஊற்றித் தருவதுதான் மரியாதை, இன்னும் இருந்து குடியுங்கள் என்று அர்த்தம். கோப்பை நிறைய ஊற்றித் தந்தால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம்.

கறி பரிமாறி முடித்ததும் ஊல்கான் எல்லோரும் கேட்கும்படி அறிவித்தாள். மகள் நாரினுக்குப் போகிறாள், நர்ஸ் படிப்புக்கு, இடம்கூடப் பேசியாகிவிட்டது. சைரா கையை நீட்டினாள். ஊல்கானின் கோப்பையை வாங்கி, விளிம்பு வழிய ஊற்றி, கை கையாக மேல்வரிசைக்கு அனுப்பினாள்.

வாங்கினவர்கள் எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் அவசரமாகத் தள்ளினார்கள். ஊல்கான் அதை மேசைத் துணியில் மெல்ல வைத்தாள்.

"என் வீட்ல உக்காந்து, என் தேத்தண்ணிய ஊத்தி, என்னையே கிளம்பச் சொல்றியா டீச்சரம்மா?" குரல் உயரவில்லை. "எல்லாரும் கேட்டுக்கங்க. பட்டணத்துல இவங்கள யாருக்கும் தெரியாதாம். அங்க போய் என் பொண்ணு இவள அம்மான்னு கூப்பிடணுமாம். படிப்பு படிப்புன்னு குதிச்சதெல்லாம் இதுக்குத்தான். டாக்டராக்க இல்ல, திருப்பி எடுத்துக்க."

எசென் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்தான். பிய்த்ததைத் தின்னவும் இல்லை. சைரா பெண்ணைப் பார்த்தாள்.

"நீயா சொன்னே?"

"அம்மாகிட்ட நான் எதையும் மறைக்கறதில்ல சித்தி."

சைராவுக்கு அதற்குமேல் அடக்கமுடியவில்லை. பதினேழு வருஷமாகப் பேசாததைப் பேசினாள். என்னை யார் கேட்டீர்கள் என்றாள். ஒரு கோட்டைப் போர்த்திவிட்டால் பால் வற்றிவிடுமா என்றாள். செத்துப்போன மாமனாரைக்கூட விடவில்லை. பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள், ஒருத்தி எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உனக்கு ஒரு ராத்திரி வலிச்சுது. அவளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியெல்லாம் எனக்கு வலிச்சுது," என்றாள் ஊல்கான். "தானம் வாங்கினவ மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நான் பாக்கல. கொடுத்தவ மட்டும் கயித்தப் பிடிச்சு இழுக்கலாமா?"

அப்போதுதான் தொலோபெக் வாயைத் திறந்தார். அதிகம் பேசாத மனுஷர். மகளைப் பார்த்து, உனக்கு எங்கே போக ஆசை என்று கேட்டார்.

"டாக்டருக்குப் படிக்கணும்பா. பிஷ்கெக்ல."

ஊல்கானின் முகம் விழுந்தது. சைராவுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சலே எழுந்தது, ஜெயித்துவிட்டோம் என்று. அவள் சிரித்தாள் என்றுகூடப் பின்னால் சொன்னார்கள். பெர்மெத் இன்னும் முடிக்கவில்லை. சித்தியுடைய தங்கை வீட்டில் மட்டும் தங்கமாட்டேன் என்றாள்.

ஊல்கான் கோப்பையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் எடுத்து, ஒரே மூச்சில் அடி தெரியக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி. கிளம்பச் சொல்லியாச்சு, கிளம்பறேன். ஒரு ரூம் பிடிச்சு அவ படிப்பு முடியற வரைக்கும் அவளோடயே இருக்கேன்."

மாடு இருக்கிறதே, கடை இருக்கிறதே, எனக்குச் சோறு யார் போடுவது என்று தொலோபெக் கேட்டார்.

"இளைய மருமக எதுக்கு இருக்கா?"

இத்தனை பேர் நடுவில் ஓரகத்தி கைகாட்டிய வேலையை மாட்டேன் என்று சொல்லும் மருமகள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. தொலோபெக் கைகளை விரித்து ஏந்தி, மகளின் பயணத்துக்கு ஆசி சொன்னார். எல்லோரும் கையை ஏந்தி, ஆசி முடிந்ததும் வழக்கப்படி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சைராவும் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அது நிஜமாகவே தேவைப்பட்டது.

ஆகஸ்ட் கடைசியில் ஊல்கான் பாயும் கம்பளமும் மூட்டை கட்டிக்கொண்டு மகளோடு பட்டணம் போனாள். போகும்போது எந்த மாடு உதைக்கும் என்று சைராவுக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். அங்கே பஜாரில் ரொட்டி விற்கிறாள் என்றும், அந்த ஊர் வியாபாரிகளையும் வாயாலேயே அடக்கிவிட்டாள் என்றும் போய் வந்தவர்கள் சொன்னார்கள். சைரா விடியும் முன் எழுந்து ஐந்து மாட்டையும் கறந்தாள், மூத்தாருக்குத் தேநீர் வைத்தாள், கைச் சாணத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடினாள். அவள் வகுப்பில் முன்வரிசையில் இப்போது வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாவம், காரணம் தெரியாமல் அந்தப் பெண் அடிக்கடி திட்டு வாங்கினாள். சமையலறையில் சாயங்காலம் யாரும் வரவில்லை.

அக்டோபரில் ஒரு நாள், தொழுவத்தில் இருக்கும்போது போன் அடித்தது. பெர்மெத். வேதியியல் பாடத்தில் ஒரு சந்தேகமாம், வாத்தியார் விளக்கியது புரியவில்லையாம். சைரா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இதற்காகவே காத்திருந்தவள் போல முதலிலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொன்னாள். பெண் அந்தப் பக்கம் ம் கொட்டிக்கொண்டு எழுதிக்கொண்டது. ஊல்கான் பக்கத்தில் இல்லை, பஜாருக்குப் போயிருந்தாள்.

நடுவில் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது, வீட்டுக்காரியாக இருக்க வேண்டும். இவ்வளவு நேரமா யாரும்மா போன்ல என்று கேட்டாள்.

சைரா பேச்சை நிறுத்தினாள். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. பெண் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சித்தி என்று சொன்னால்கூடப் போதும் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

"எங்க ஊர் கெமிஸ்ட்ரி டீச்சர்க்கா," என்றாள் பெர்மெத். பிறகு போனில், "ம், சொல்லுங்க டீச்சர்," என்றாள்.

சைரா விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள்.