கையெழுத்து முன்னால், கணக்கு பின்னால்

அன்று காலை யார்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். மேனேஜர், பாலக்காட்டுக்காரர். ஹெட் ஆபீஸிலிருந்து வந்த டை கட்டிய ஆள், பம்பாய்க்காரர். பட்டான் டிரைவர், பெஷாவர் பக்கம். அண்ணன் என்று நான் கூப்பிடும் டிரைவர், மன்னார்குடி பக்கம். என்னோடு ஒரே ரூம், எனக்குக் கீழ்க்கட்டில். பிறகு நான், நானும் டிரைவர். டீ கொண்டுவந்த பெங்காலியும் போகாமல் நின்று பார்த்தான்.

ஷார்ஜா தொழிற்பேட்டை. துபாய் ரோட்டில் காசு பிடிக்கும் சாலிக் கேட் வந்த மறுவருடம்.

டை கட்டியவர் மேஜை மேல் மூன்று கறுப்பு டப்பாக்களை வைத்தார். செங்கல் கனம். முகத்தில் கண்ணாடி. பக்கத்தில் ஒரு குச்சிப் பேனா, கயிற்றில் கட்டியிருந்தது. இனிமேல் டெலிவரி நோட் கிடையாது, எல்லாம் இதில்தான் என்றார்.

டெலிவரி நோட் என்றால் சரக்கோடு போகும் சீட்டு. என்ன சரக்கு, எத்தனை, யார் கொடுத்தது, யார் வாங்கியது. வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள், நடுவில் கார்பன். ரோஸ் தாள் டிரைவருக்கு. எங்கள் சட்டைப் பையெல்லாம் கார்பன் கறைதான்.

பட்டான் கயிற்றை இழுத்துப் பார்த்தான். ஹிந்தியில் சொன்னான்.

“நாம ஓடிருவோம்னு பாஸ்போர்ட்ட வச்சிருக்கான். பேனா ஓடிரும்னு கயிறு கட்டியிருக்கான்.”

மேனேஜர் சிரிக்கவில்லை. பெங்காலி சிரித்தான்.

டை கட்டியவர் செய்து காட்டினார். சரக்கின் பெயர் வரும், எண்ணிக்கை வரும், கீழே கட்டம் வரும். கட்டத்தில் கையெழுத்து. பச்சையை அமுக்கினால் ஆபீஸுக்குப் போய்விடும். அப்படித்தான் சொன்னார். போய்விடும் என்று. டெலிவரி நோட்டும் ஆபீஸுக்குத்தான் போகும். எங்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

“நம்ம பேர தமிழ்ல போடலாமான்னு கேளு,” என்றார் அண்ணன்.

கேட்டேன். போடலாம் என்றார். அண்ணன் குச்சியை எடுத்துக் கண்ணாடியில் தன் பெயரை எழுதிப் பார்த்தார். கோழி கிளறியதுபோல் வந்தது.

“என் கையெழுத்து மாதிரியே இல்லையேடா.”

“பேங்க்லயா கேக்கப் போறான்? வுடுங்கண்ணே,” என்றேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து முன்னால், கணக்கு பின்னால். ஜபல் அலி குடோன்களில் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் லோடு ஏற்ற இடம் தருவார்கள். போட்டுவிட்டு வண்டியைப் பின்னால் விடுவோம். ஃபோர்க்லிஃப்ட் ஏற்றும். ஏற ஏற எண்ணுவோம். குறைந்தால் சீட்டு ஓரத்தில் இத்தனை ஷார்ட் என்று எழுதி, ஸ்டோர்கீப்பரும் நாங்களும் பக்கத்தில் கிறுக்குவோம். அவ்வளவுதான். நான் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அண்ணன் எனக்கு முன்னால் வந்தவர். அவருக்கும் அப்படித்தான்.

அந்த வருடம் அண்ணன் கேன்சலில் போக இருந்தார். விசாவை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊருக்கு. முட்டி போய்விட்டது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அதைவிட, ஊரில் அவர் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். புருஷன் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். இவர் போகும் தேதியை வைத்து அவர்கள் தேதி வாங்கினார்கள்.

கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி கட்டியாகிவிட்டது. பூப்போட்ட கம்பளி, சோப்பு, தைலம், டார்ச். மேலே பெயரும் ஊரும் மார்க்கரில் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நான் ஆறாவது வரை. அவர் மூன்றாவது.

ஜபல் அலியில் குழாய்ச் சாமான் லோடு. பித்தளை, முலாம் போட்டது, ஹோட்டல் பாத்ரூமுக்கு. அல் ஐனில் கட்டிக்கொண்டிருந்த ஹோட்டலுக்குப் போகணும். அண்ணன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால், எனக்கு வேறு லோடு. ஸ்டோர்கீப்பர் கோயமுத்தூர்க்காரர். தங்கமான ஆள் என்றுதான் அதுவரை சொல்லுவோம். இப்போதும் கெட்ட ஆள் என்று சொல்ல மாட்டேன்.

“வாங்கண்ணா. டப்பாவுல சைன் போட்ருங், அஞ்சாம் நம்பர்ல வுடுங்.”

அண்ணன் டப்பாவில் கையெழுத்துப் போட்டார். பச்சையை அமுக்கினார். வண்டியைப் பின்னால் விட்டார்.

லோடு ஏறியது. அண்ணன் எண்ணிக்கொண்டே நின்றார். அறுநூற்றி இருபது கார்ட்டன் வரவேண்டும். ஐந்நூற்றி எழுபத்தொன்பதோடு ஃபோர்க்லிஃப்ட் நின்றுவிட்டது.

“தம்பி, ஷார்ட் இருக்கு.”

“இருக்காதுங்ண்ணா.”

“நான் எண்ணுனேன். நாப்பத்தொண்ணு வரல.”

ஸ்டோர்கீப்பர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“எங்காச்சும் பின்னால மாட்டியிருக்குமுங். கெடச்சா அடுத்த வண்டில ஏத்தி வுட்றேன். நீங்க கெளம்புங்.”

“சரி. இதுல எழுதிக் குடு.”

அண்ணன் டப்பாவை நீட்டினார். ஸ்டோர்கீப்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு பச்சை டிக் மட்டும் இருந்தது. எழுத இடம் இல்லை. அண்ணனும் வாங்கிப் பார்த்தார். ஓரத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

“இது க்ளோஸ் ஆயிருச்சுங்ண்ணா. சைன் போட்டதும் போயிருமாட்ட இருக்குது.”

“நீதானப்பா போடச் சொன்ன?”

“எப்பவும் அப்டித்தானுங்களே சொல்லுவேன்.”

அண்ணன் குனிந்தார். கீழே கிடந்த ஒரு அட்டையைக் கிழித்தார். என்னிடம் பேனா வாங்கி ‘41 வரவில்லை’ என்று தமிழில் எழுதி ஸ்டோர்கீப்பரிடம் நீட்டினார்.

“பேப்பர்ல சைன் போடக்கூடாதுன்னு மெயில் வந்துருக்குங்ண்ணா. போட்டா என்ர வேலை போயிருமுங்.”

என் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அல் ஐனில் இறக்கினார்கள். அங்கே முதலில் எண்ணினார்கள், பிறகுதான் கையெழுத்து. அந்த சைட்டில் டப்பா பழகியவர்கள். ஐந்நூற்றி எழுபத்தொன்பது வந்தது என்று போட்டார்கள். ஆக, வாங்கியது அறுநூற்றி இருபது. கொடுத்தது அதில் நாற்பத்தொன்று குறைவு. நடுவில் அண்ணன் மட்டும்தான் இருந்தார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் அந்தக் கோழிக் கிளறல் தெரிந்தது.

“இந்த ஒப்பு உங்களதானோ?”

“ஆமா சார்.”

“அறுநூற்றிருபதுன்னு எழுதியிட்டுண்டல்லோ.”

“சார், கையெழுத்து முன்னாடி, கணக்கு பின்னாடி. எப்பவும் அப்படித்தான சார்.”

“அது பேப்பர்.”

அண்ணன் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். மேனேஜர் குனிந்து பார்த்தார்.

“இது எந்தா?”

“நாப்பத்தொண்ணு வரல சார். அங்கயே எழுதுனது.”

“ஆரு ஒப்பிட்டது?”

“யாரும் போடல.”

மேனேஜர் குடோனுக்குப் போன் செய்தார். எங்கள் முன்னாலேயே பேசினார். அங்கே ஸ்டாக் சைஃபர், அறுநூற்றி இருபதும் போயாச்சு என்று சிஸ்டம் சொல்வதாகச் சொன்னார்கள். ஸ்டோர்கீப்பரைக் கேளுங்கள் சார் என்றேன் நான். கேட்டார். அவர் என்ன சொன்னாரோ தெரியாது. மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

“ஞான் எந்து செய்யும்? பேப்பர் ஆனா ஓரத்துல ஒரு வரி எழுதாம். இதுல முடியாது.”

சரக்கு விலை சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்து முடியும்வரை கேன்சல் கிடையாது. பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். அண்ணன் அட்டையைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பட்டான் கேட்டான், என்ன ஆச்சு என்று.

“கலாஸ் பாய்,” என்றார் அண்ணன், முடிந்தது என்று.

கேம்பில் தண்ணீர் கூலர் பக்கத்தில் நின்று ஊருக்குப் போன் செய்தார். போன் கார்டு. அந்தம்மா சத்தம் எனக்கும் கேட்டது.

“வர முடியாது.”

“ஏங்க?”

“கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“எதுல?”

“டப்பாவுல.”

“என்ன டப்பா? இங்க ஆஸ்பத்திரில போடணும்னுல்ல சொன்னாங்க?”

கார்டு முடிந்துவிட்டது. அவர் வேறு கார்டு வாங்கப் போகவில்லை.

ஆபரேஷன் நடந்தது. மச்சினன் கையெழுத்துப் போட்டார். அந்தம்மா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு போனில் அதிகம் பேசவில்லை என்று அண்ணன் சொன்னார். பேச என்ன இருக்கிறது.

யார்டில் மீதி இருந்த டெலிவரி நோட் புத்தகங்களைப் பெங்காலி வாங்கிக்கொண்டு போனான். சமோசா அந்தத் தாளில்தான் வந்தது. வெள்ளை, ரோஸ், மஞ்சள். எண்ணெய் பட்டால் கார்பன் ஊறும்.

டப்பாவில் பிறகு ஒரு கட்டம் சேர்த்தார்கள், ஷார்ட் என்று போட. டை கட்டியவர் வந்து காட்டினார். பழைய கணக்குக்கும் அதைப் போடலாமா என்று அண்ணன் என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். முடியாது என்றார்.

விசா முடிந்தது. பிடித்தம் முடியவில்லை. இன்னொரு தடவை விசா அடித்தார்கள். அந்தக் குளிரில் ரூமில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அண்ணன் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். கயிற்றை வெட்டவில்லை. முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். கயிற்றைச் சுருட்டித் தலையணைக்கடியில் வைத்தார்.

வெயில் திரும்ப வந்தபோது எனக்கு அதே குடோனில் லோடு. ஸ்டோர்கீப்பர் புது ஆள், ஃபிலிப்பினோ. கோயமுத்தூர்க்காரர் போய்விட்டார், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. என் சரக்கு பின்சுவர் ஓரமாக இருந்தது. முன்னால் நின்ற பேலட்டுகளை ஃபோர்க்லிஃப்ட் எடுத்தது. அவற்றுக்குப் பின்னால் ஒரு பேலட், பிளாஸ்டிக் சுற்றியது. விரல் கனத்துக்குத் தூசி. கார்ட்டன்களின் பக்கவாட்டில் அல் ஐன் ஹோட்டல் மார்க்.

மேனேஜருக்குப் போன் செய்தேன்.

“சார், அண்ணன் சரக்கு இங்க இருக்கு.”

கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது.

“அது க்ளோஸ் ஆயிப்போயல்லோ. அந்த ஹோட்டல் தொறந்தாச்சு.”

ஃபிலிப்பினோவிடம் காட்டினேன். கையிலிருந்த டப்பாவில் தேடினான். அப்படி ஒரு சரக்கு இங்கே இல்லை என்றான். கண் முன்னால் இருக்கிறதே என்றேன். மாஃபி, இல்லை, சிஸ்டத்தில் மாஃபி என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

அவன் போனபிறகு பிளாஸ்டிக்கை விலக்கினேன். அடியிலிருந்து மேலே எண்ணினேன். பிறகு மேலேயிருந்து அடிவரைக்கும் எண்ணினேன்.

நாற்பத்தொன்று.