கல்லோடு வந்த வாடிக்கையாளர்

செங்கத்தில் எங்கள் ஹார்டுவேர் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயிண்ட் டப்பாக்களை அல்ல, மேஜையின் ஒரு மூலையில் கிடக்கும் கருங்கல்லைத்தான். நடுத்தரமான ஒரு பூசணிக்காய் அளவு இருக்கும். உடம்பெல்லாம் துளை. சிலர் ஏதோ சாமிக் கல் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் தடுப்பதில்லை, கடைக்கு ஒரு கும்பிடு கிடைத்தால் நல்லதுதானே. ட்ரில் மெஷின் வாங்க வருகிறவர்களிடம் மட்டும் விஷயத்தைச் சொல்வேன். பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் சொருகி, இந்தக் கல்லில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பேன். புது மெஷினைப் பிரித்துக் காட்டும் கடை இந்தத் தெருவில் இது ஒன்றுதான். இந்தப் பழக்கம் என் நல்ல குணத்தால் வந்ததில்லை. ஒருவரை ஒருமுறை ஏமாற்றியதால் வந்தது.

அவரைக் கடையில் நாங்கள் கல்லுக்காரர் என்போம். உண்மையில் அவர் ஜவ்வாது மலையில் சாமை விதைத்துப் புளி உலுக்குகிற விவசாயி. அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு வெயில் மாதத்தில் முதல்முறை வந்தார். விலை குறைவாக, ஆனால் நம்பி எடுத்துப்போகிற மாதிரி ஒரு ட்ரில் வேண்டும் என்றார். வீட்டு வேலைக்கா என்று கேட்டேன். “வூட்டு வேலைக்குத்தாங்க” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு வேலை என்றால் எனக்குச் செங்கல் சுவர், சாமி படம், துணிக்கொடி, அவ்வளவுதான். ட்ரில்லோடு நூறு சாமான் அடங்கிய கலர் பெட்டி அப்போது நிறையத் தேங்கிக் கிடந்தது. திறந்தால் பளபளவென்று இருக்கும். அதை அவர் தலையில் கட்டினேன். “உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும்” என்றும் சொன்னேன். அந்த வரியை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

பத்து நாள் கழித்து, மலை பஸ் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில், தோளில் ஓர் உரச் சாக்கோடு வந்தார். கலர் பெட்டியை மேஜை மேல் வைத்தார். திறக்கவே வேண்டியிருக்கவில்லை, கருகிய வாசனை மூடியைத் தாண்டி வந்தது. சண்டை வரப்போகிறது என்று நினைத்து, கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் சாக்கை அவிழ்த்து இந்தக் கல்லைத் தூக்கி வைத்தார். மேஜைக் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

“போன வாட்டி நீங்க சொன்னத கேட்டுட்டு எடுத்துனு போய்ட்டேன் தம்பி. இந்த வாட்டி கல்லு சொல்றத கேக்கலாம்னு தூக்கினு வந்தேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மூன்று மெஷின்களை எடுத்தேன். முதலாவது பேர் பெற்ற கம்பெனியுடையது, விலை அதிகம், ஆனால் சுவருக்கென்று செய்தது. கல்லின் மேல் கொஞ்சம் வெள்ளைப் பொடியைக் கிளப்பிவிட்டு அங்கேயே வழுக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது, குத்திக்கொண்டே சுற்றுகிற ஹேமர் வகை, பேர் தெரியாத சரக்கு, மலிவு. அது சரசரவென்று இறங்கியது. எனக்கே ஆச்சரியம். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “இன்னொரு குழி போடுங்க” என்றார். போட்டேன். “இன்னும் ஒண்ணு.” மூன்றாவது துளை பாதியில் இருக்கும்போது கையை நீட்டி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி மெஷினின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். நானும் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

மூன்றாவதும் ஹேமர்தான். பார்வைக்கு அழுக்கு நிறம், எடை கூட, வேகம் கம்மி. அதன் பெட்டி ஆறு மாதமாகத் தூசி பிடித்துக் கிடந்தது. நாலு துளை போட்ட பிறகும் கை வைக்க முடிந்தது. அவர் பழைய மெஷினைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே தேய்கிற கார்பன் கட்டை இங்கேயே கிடைக்குமா, வேலூருக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். எடுத்துக் காட்டச் சொன்னார். நான் சொல்வதை மட்டும் நம்புகிற கட்டத்தை அவர் கடந்துவிட்டிருந்தார்.

அப்போதுதான், போன முறையே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். எதில், எதற்காகத் துளை போடப் போகிறீர்கள்?

“எங்கூட்டுக்காரிக்கு சர்க்கரையில கண்ணு போய்டுச்சு தம்பி. கக்கூஸு வூட்டுக்குக் கீழ, பாறை எறக்கத்துல இருக்குது. யாராச்சும் கைய புடிச்சினு போவணும். நான் காட்டுக்குப் போய்ட்டா ஆள் இல்ல. அதனால பகல்ல தண்ணி குடிக்கிறதயே வுட்டுட்டா. டாக்டர் திட்றாரு, கிட்னி போய்டும்னு. கேக்க மாட்டேங்கிறா.” பாறையில் பதினோரு கம்பி நட்டு, அவற்றின் தலையில் பைப் கோத்துவிட்டால் பிடித்துக்கொண்டு தானாகப் போய் வந்துவிடுவாள் என்றார். உளி வைத்து ஒரு குழி போட்டுப் பார்த்தாராம். குழியின் வாய் பெயர்ந்து கம்பி ஆடியதாம். “ஆடுற கம்பிய அவ நம்ப மாட்டா. ஒரு வாட்டி ஆடுச்சின்னா அப்புறம் தொடவே மாட்டா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கலர் பெட்டி விற்ற நாளிலிருந்து பத்து நாள் அந்த அம்மா தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கருகிய மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு அழுக்கு நிற மெஷினைக் கொடுத்தேன். கல்லைச் சாக்கில் போடப் போனேன். “இங்கயே இருக்கட்டும். வர்றவங்க பாத்து வாங்கட்டும்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடித்த ஒயர்ச் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறினேன். மெல்லிய ஒயரில் வீட்டிலிருந்து பாறைச் சரிவு வரைக்கும் கரன்ட் இழுத்தால் நல்ல மெஷினும் திணறும். புண்ணியம் தேடிப் போனதாகச் சொல்லமாட்டேன். இதுவும் தோற்றால் அவர் இன்னொரு கல்லோடு வந்து நிற்பாரே என்ற பயம்தான் பாதி. வீட்டை ஒட்டி ஒரே பாறை, முப்பது நாற்பது அடி சரிவு, அடியில் கக்கூஸ். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் வைத்திருந்தார். அவர் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

நானும் கல்லுக்காரரும் மாற்றி மாற்றி மெஷினைப் பிடித்தோம். காதடைக்கும் சத்தம். ஏழாவது குழியை முடித்து நிமிர்ந்தபோது வாசலிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார். “ஆறாவதுல சத்தம் சீக்கிரம் நின்னுடுச்சே. ஆழம் பத்துமா?” நான் சிரித்தேன். கல்லுக்காரர் சிரிக்காமல் ஆறாவது குழியில் கம்பியை விட்டுப் பார்த்தார். இரண்டு விரற்கடை குறைந்தது. அதைப் போட்டவன் நான்தான். மறுபடியும் ஓட்டினேன். கம்பிகளை நட்டு சிமெண்ட் போட்டு முடித்ததும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான், எத்தனை நாள் காயவேண்டும் என்று. ஒரு வாரம் தொடாதீர்கள் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் புளிக்குத் திரும்பினார்.

இப்போது வாடிக்கையாளர்கள் போனில் பார்த்துவிட்டு வந்து, வாட் எவ்வளவு, ரிவர்ஸ் உண்டா என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். நான் இரண்டு கேள்வி கேட்பேன். என்ன சுவர், யாருக்காக. இரண்டாவது கேள்வி உனக்கு எதற்கு என்று நேற்றுகூட ஒருவர் முறைத்துவிட்டுப் போனார். போகட்டும். கலர் பெட்டி இன்றும் விற்கிறேன், செங்கல் சுவர்க்காரர்களுக்கு அது போதும். பேரன் காலம் வரைக்கும் என்று மட்டும் சொல்வதில்லை.

அன்று நான் மலைக்குப் போய் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில் இருவரும் கடைக்கு வந்தார்கள். அந்த அம்மா மேஜையைத் தடவி, கல்லைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். வாய் பெயராமல் ஆழமாக இறங்கியிருந்த, அழுக்கு நிற மெஷின் போட்ட துளை ஒன்றுக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இதானே நம்ம மெஷினு?”

ஆமாம் என்றேன். விரலை அதிலேயே வைத்துக்கொண்டு, “தம்பி, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார். சொம்பு நிறையக் கொடுத்தேன். நிறுத்தாமல் குடித்தார். “இன்னும் கொஞ்சம் இருக்குமா?” என்று சொம்பை நீட்டினார். கல்லுக்காரர் பதறிப்போய், ரெண்டு மணி நேரம் பஸ்ல போவணுமே என்றார்.

“வூட்டுக்குப் போனா கம்பி இருக்குது இல்ல” என்று சொல்லிவிட்டு, இரண்டாவது சொம்பையும் குடித்து முடித்தார்.