லாத்தாவின் மருந்துக்கடைக்கு ஒரு வொர்க்கர்

நான் லாத்தா என்று கூப்பிடும் என் அக்கா திருநள்ளாறு சாலையில் மருந்துக்கடை நடத்துகிறார். எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க, பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்திருந்தேன். மழைக்காலத்தில் நெட் போய்விடும் என்பதால் மொத்த டேட்டாபேஸும் கடைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் ஓர் எழுத்து அடித்தால் திரை அப்படியே நின்றுவிடும்.

"எழுத்து வர்றதுக்குள்ள வந்த ஆளு அடுத்த கடைக்குப் போயிடுறாங்கடா" என்று லாத்தா சிரித்தார்.

திரையைக் காட்டுவதும் மருந்தைத் தேடுவதும் ஒரே இடத்தில் நடந்ததுதான் காரணம். பிரவுசர் பின்னணியில் தனியாக ஓட்டும் வொர்க்கர் என்ற சின்ன புரோகிராமிடம் தேடும் வேலையைக் கொடுத்துவிட்டால் போதும்.

லீவு நாள் காலையில் கோவில்பத்தில் உள்ள என் வீட்டில் வேலைக்கு உட்கார்ந்தேன். டேட்டாபேஸைப் படிக்க உதவும் லைப்ரரி என்ற ஆயத்த புரோகிராம் வொர்க்கருக்குள் வந்தது. அதற்குத் தேவையான இன்னொரு ஃபைல் மட்டும் கிடைக்கவில்லை என்று பிழை காட்டியது. அந்த ஃபைலோ லைப்ரரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. எழுத்துப்பிழையோ என்று பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் மனைவி வைத்த டீ ஆறிப்போனது. கடைசியில்தான், லைப்ரரி அதை எங்கே போய்த் தேடுகிறது என்று பார்க்கத் தோன்றியது. தன் ஃபோல்டரை விட்டுவிட்டு வொர்க்கர் இருக்கும் ஃபோல்டரில் தேடிக்கொண்டிருந்தது! அந்த ஃபைலின் முழு முகவரியை ஒரு வரியில் எழுதினேன். ஏறிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து நான் கைதட்டியதைக் கேட்டு, கிரிக்கெட்டா என்று மனைவி உள்ளிருந்து விசாரித்தாள்.

உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். புதிய பக்கத்தை ஏற்றிவிட்டு, "இப்ப அடிச்சுப் பாருங்க லாத்தா" என்றேன். அடித்தார். விரலுக்கு ஈடாக எழுத்து வந்தது, கூடவே மருந்தும் வந்தது. வேண்டுமென்றே இன்னும் வேகமாக அடித்தார். திரை அசரவில்லை. காய்ச்சல் மருந்துக்காக நின்றிருந்த மண்டபத்தூர்க்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் நல்ல மழை. மாலையில் லாத்தா போன் செய்தார். துபாயில் இருக்கும் அவர் கணவர், என் மச்சானுக்கு வீடியோ கால் போகவில்லையாம். பக்கத்துக் கடையில் கேட்டால், மத்தியானத்திலிருந்தே தெரு முழுக்க நெட் இல்லையாம்.

"அப்ப இவ்வளவு நேரமா திரையில மருந்து எப்படிடா வந்துச்சு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டேட்டாபேஸ் கடைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, வொர்க்கர், லைப்ரரி என்று விளக்கத் தொடங்கினேன். ஆள் வந்திருக்கிறது, பிறகு பேசலாம் என்று போனை வைத்துவிட்டார்.