பூட்டப்போகும் பாதைக்குச் சுட்ட பேஸ்டி

சட்ட உதவியாளர் இளங்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது வெர்னா கங்காஸுக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீதி, சேவை என்று எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசிவரை அடிபடாமல் தப்பித்த வாக்கியம் ஒன்றுதான்: "உட்கார்ந்துகொண்டு, கதகதப்பான அறையில் வேலை பார்க்க விரும்புகிறேன்."

அதில் பொய் எதுவும் இல்லை. பள்ளியை முடித்ததிலிருந்து அவள் ஊர் சூப்பர்மார்க்கெட்டின் பின்கட்டில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் வட எல்லையில், சுப்பீரியர் ஏரிக்கரையில், வெளியே பாதி வருஷம் குளிர். அந்த அறைக்குள் முழு வருஷமும் குளிர். விரல் மூட்டுகள் இரண்டையும் சேர்த்தே கணக்கு வைத்திருந்தன.

அவள் கணவன் ரெய்னோ மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். படிப்பை அவன் எதிர்க்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று அவள் சமையலறை மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு ஊர்ந்ததைப் பார்த்து, "நீ பட்டம் வாங்கறதும் நான் ரிட்டயர் ஆகறதும் ஒரே நாள்ல வரும் போலிருக்கு. ஒரே கேக்கா வெட்டிரலாம்" என்பான்.

ஒப்பந்தம், சாட்சியம், பழைய தீர்ப்புகளைத் தேடி எடுப்பது எல்லாம் அவளுக்குப் பிடிபட்டன. நல்ல மாணவி என்று சொல்ல முடியாது, விடாத மாணவி. தொழில் ஒழுக்கம் என்ற பாடத்தில் மட்டும் ஒரு கேள்விக்கு மதிப்பெண் போனது. அலுவலகத்தில் கேட்ட ரகசியத்தைப் பற்றி நண்பர் ஒருவர் உன்னிடம் விசாரித்தால் என்ன செய்வாய் என்பது கேள்வி. "பேச்சை மாற்றுவேன்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியை ஓரத்தில் கேட்டிருந்தார்: "உங்கள் முகம் பதில் சொல்லிவிட்டால்?" அது வீண் விதண்டாவாதம் என்று வெர்னா நினைத்தாள். முகம் எப்படிப் பதில் சொல்லும்?

கடைசிப் பருவத்தில் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். அவர் நற்சான்று கொடுத்தால்தான் பட்டம். மாவட்டத்தில் தனியாகத் தொழில் செய்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல் பனி விழுந்ததும் ஃபுளோரிடாவுக்குப் போய்விடுவார். மற்றவர் ரோஸலின் பெரோ. அறுபதைத் தாண்டியவர், இரும்புச் சாமான் கடைக்கு மாடியில் அலுவலகம். வெர்னாவைச் சேர்த்துக்கொண்ட அன்றே, "ஒழுங்கா இருந்தீன்னா ஜனவரியில வேலையே தர்றேன்" என்றும் சொல்லிவிட்டார். அறையில் சூடு தரும் ரேடியேட்டர் இருந்தது. வெர்னா முதல் வாரம் முழுக்க அதற்குப் பக்கத்தில்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில், வேறு எந்த வேலைக்கும் முன்னால், ரோஸலின் பெயர்களை வாசிப்பார். புதிதாக வழக்குக் கொண்டுவருபவர் யார், எதிர்த் தரப்பு யார். அவர்களில் யாரையாவது தெரிந்திருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் கால் வைத்தவர்கள் ஒரு வழக்கைத் தொடக் கூடாது. பெரிய நகரத்தில் இது ஒரு நிமிட வேலை. இங்கே தெரியாத பெயர் வந்தால்தான் ஆச்சரியம்.

"டெனிஸ் குர்டிலா."

"எட்டாவது படிக்கறப்ப எனக்கு முத்தம் கொடுத்தான். அது கணக்குல வருமா?"

"முடிஞ்சுபோன விஷயமா?"

"அவன் அப்படித்தான் நெனச்சான்."

"வராது. அடுத்தது."

நவம்பர் முதல் திங்களன்று ரோஸலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "கட்சிக்காரர் எல்மா டெர்வோ. எதிர்த் தரப்பு, ஆட்டர் ஓடை கேம்ப்போட உரிமையாளர்கள். கோர்டன் லாம்பி, ரெய்னோ..." அங்கே நிறுத்திவிட்டார்.



"என் புருஷன்" என்றாள் வெர்னா.

"தெரியும். கண்ணுல படறதுக்குள்ள வாய் வாசிச்சிருச்சு."

மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. ஆட்டர் ஓடைக் கேம்ப் என்பது ரெய்னோவும் கோர்டி முதலான அவன் நண்பர்களும் சேர்ந்து வைத்திருக்கும் மரக்குடில். ஒரு அடுப்பு, நீராவிக் குளியலுக்கு ஒரு சௌனா, நாலு கட்டில். அதற்குப் போகும் மண்பாதை எல்மா டெர்வோவின் நிலத்துக்குள் ஓடுகிறது. எல்மாவின் கணவர் இருந்தவரை யாரும் அனுமதி கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை, வண்டிகள் போய்வந்தன. இப்போது அவர் இல்லை. கிழவி வக்கீலைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றால் ஒன்றே ஒன்றுக்காகத்தான் இருக்க முடியும்: பாதையை அடைக்க. நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்குகிறது. அன்றைக்குப் பள்ளிக்கூடமே திறக்காது. ரெய்னோ அந்த நாளுக்காகத்தான் மற்ற நாட்களில் வேலைக்குப் போய்வந்தான்.

ரோஸலின் கதவைச் சாத்திவிட்டு எல்மாவுக்குத் தொலைபேசினார். திரும்பி வந்து சொன்னார்: "எதிராளி பொண்டாட்டி என் ஆபீஸ்ல இருக்கா, வேணும்னா வேற வக்கீலைப் பாத்துக்கங்கன்னு சொன்னேன். 'வேற வக்கீல் கடற்கரையில வெயில் காயறாரு, அவ இருந்துட்டுப் போகட்டும். கறி வெட்டுன காலத்துல யார் என்ன மலிவா வாங்கிட்டுப் போறாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னவ இல்ல'ங்கறாங்க."

"நான் விலகிக்கட்டுமா?"

"விலகினா உன் பயிற்சி போச்சு. இந்த வருஷம் பட்டம் கிடையாது. விலக வேண்டிய அவசியமும் இல்ல. அந்தக் கட்டு என் பீரோவுல பூட்டியிருக்கும். நான் அதைப் பத்திப் பேசறப்ப நீ கீழ போய்க் காபி குடி. வீட்டுல மட்டும்..."

"சொல்லக் கூடாது."

"அவங்க இங்க வந்தாங்கங்கறதே உனக்குத் தெரியாது. சொன்னேன்னு தெரிஞ்சா நற்சான்று தர மாட்டேன், வெர்னா. தர முடியாது."

வெர்னா தலையசைத்தாள். பிறகு கேட்டாள். "வருஷா வருஷம் கேம்ப்புக்கு நான்தான் கறி வச்ச பேஸ்டி சுடுவேன். சுடலாமா?"

ரோஸலின் முதல்முறையாக யோசித்தார். "வழக்கமா சுடுவியா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"அப்ப சுடு."

அந்த ஆசிரியையின் ஓரக்குறிப்பு அவளுக்கு அடுத்த பத்து நாட்களில்தான் புரிந்தது. வாயை மூடிக்கொள்வது சுலபமாகவே இருந்தது. மற்றதெல்லாம்தான் கஷ்டம். ரெய்னோ துப்பாக்கியைத் துடைக்கும்போது முன்பு எந்தப் பக்கம் பார்ப்போம்? ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்துக் காயப்போடச் சொன்னால் எவ்வளவு சலிப்புடன் சரி என்போம்? தெரியாதவளாக இருந்தபோது இதையெல்லாம் யாரும் கவனித்து வைத்துக்கொள்வதில்லை. 'உன்கிட்ட ஒரு விஷயம் சொல்ல முடியாம இருக்கு' என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தாள். அது பாதி சொன்னதாகிவிடும். இந்த ஊரில் மீதியைக் கண்டுபிடிக்க ஒரு பியர் போதும்.

பதின்மூன்றாம் தேதி மாலை மாவு பிசைந்தாள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் டர்னிப் கிழங்கு எல்லாம் நறுக்கி, வட்ட மாவில் வைத்து மடித்து, விளிம்பை முறுக்கினாள். பாதி தின்று வைத்தவன் தன்னுடையதைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று ஒவ்வொன்றின் மூலையிலும் முள்கரண்டியால் பெயரின் முதல் எழுத்தைக் குத்துவது அவர்கள் வழக்கம்.

ரெய்னோ உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். "இந்தத் தடவை எனக்குக் கூடுதலா ரெண்டு போடு. போன வருஷம் கோர்டி என் எழுத்தை முதல்ல கடிச்சுட்டு, பேரு எங்க இருக்குன்னு கேட்டான்."

"மாவு பத்தாது."

"வெர்னா. வருஷத்துக்கு ஒரு தடவை."

அவள் மேலும் மாவு எடுத்தாள். வழக்கமாகச் சுடுவதைச் சுட்டது அவளை அவ்வளவு உறுத்தவில்லை. அந்தக் கூடுதல் இரண்டுதான் உறுத்தியது. அவற்றுக்கு வழக்கம் என்ற சாக்கு இல்லை.

மறுநாள் மதியம் வண்டிகள் கிளம்பின. இருட்டுவதற்குள் ரெய்னோ திரும்பி வந்துவிட்டான். பேஸ்டிப் பெட்டியை மேஜைமேல் வைத்தான். மேலே அவள் போர்த்திய துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

"டெர்வோ கிழவி பாதையில சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கா. போர்டு வேற மாட்டியிருக்கா. கீழ உங்க ஆபீஸ் பேரு."

வெர்னா அடுப்பருகே நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அதைப் பத்தி என்னால பேச முடியாது."

"தெரியுமா தெரியாதா? ஒரே வார்த்தை."

"பேச முடியாது, ரெய்னோ."

அவன் பெட்டியைத் திறந்தான். ஒன்றை எடுத்து, மூலையில் இருந்த தன் எழுத்தைப் பார்த்தான். "நின்னு சுட்டியே. நான் ரெண்டு கூடக் கேட்டேன். கேட்டப்பவும் சுட்டியே." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். கணக்குச் சரிபார்ப்பவனைப் போலச் சொன்னான். பிறகு அந்த ஆறிப்போன பேஸ்டியைச் சூடுபண்ணாமல் நின்றபடியே தின்று முடித்தான்.

அந்த வருஷம் அவன் அரசாங்கக் காட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். வெர்னாவுக்கு நற்சான்று கிடைத்தது. "நம்பகமானவர்" என்று ரோஸலின் எழுதியிருந்தார். வீட்டில் அந்தச் சொல்லை அவள் வாசித்துக் காட்டவில்லை.

குளிர்காலம் முழுக்க அவள் வாக்கியம் அவளுக்கே திரும்பி வந்தது. வண்டிச் சாவி எங்கே என்றால், "அதைப் பத்தி என்னால பேச முடியாது." ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்றால், அதுவே. கோர்டி லாம்பி இன்னும் மோசம். மதுக்கடையில் அவளைக் கண்டாலே எல்லோருக்கும் கேட்கும்படி, "பேசாதீங்கப்பா, கிழவியோட ஒற்றர் வந்துட்டாங்க" என்பான். "ரெய்னோ, நீ தூங்கறப்பக் கூட வாயை மூடிக்கிட்டுத் தூங்குடா." ரெய்னோ சிரிக்கவும் மாட்டான், அவனை அடக்கவும் மாட்டான்.

ஏப்ரலில் இரண்டு தரப்பும் ரோஸலினின் அலுவலகத்தில் உட்கார்ந்தன. வெர்னா கீழே இரும்புக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கேம்ப்காரர்கள் பாதைக்குச் சரளை போட வேண்டும். பனி உருகிச் சேறாகும் காலத்தில் வண்டி விடக் கூடாது. மற்ற நாளில் போகலாம். கிழவி கேட்டது அவ்வளவுதான்.

அன்று மாலை ரெய்னோ வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்தான். வெர்னா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கிழவி என்ன சொல்றா தெரியுமா? அக்டோபர்லயே பெட்ரோல் பங்க்ல வச்சு கோர்டிகிட்ட சொன்னாளாம். 'பாதையெல்லாம் உழுது வச்சிருக்கீங்க, வந்து பேசாட்டி இந்த வருஷம் பூட்டிருவேன், மத்தவங்ககிட்டயும் சொல்லு'ன்னு. இவன் சிரிச்சுட்டு வந்திருக்கான். ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

வெர்னா உரித்துக்கொண்டே இருந்தாள்.

"மறந்துட்டானாம்! அத்தனை பேரு முன்னால மூஞ்சியைத் தொங்கப்போட்டு, மறந்துட்டேங்கறான்."

"ம்."

"நீ என்ன ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையை உயர்த்தினான். "தெரியும். சொல்லாத." பிறகு பூட்ஸைக் கழற்றினான். கோர்டியின் மௌனத்துக்கும் இவளுடையதுக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் யோசித்தானோ என்னவோ. பாதையில் நின்றவனுக்கு இரண்டும் ஒரே சங்கிலிதான். வெர்னாவும் தன்னுடையது உயர்ந்தது என்று எண்ணிக்கொள்ளவில்லை. கோர்டி மறந்தான், அவள் ஒரு நாள்கூட மறக்கவில்லை. அது புண்ணியக் கணக்கில் சேருமா என்று அவளுக்குத் தெரியாது.

மே மாதம் பட்டமளிப்பு. ரெய்னோ சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவள் பெயரை வாசித்தபோது மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கைதட்டினான். அவன் ரிட்டயர் ஆகவில்லை. கேக் அவளுக்கு மட்டும்.

ஜூனில் ஒரு திங்கட்கிழமை. இப்போது பெயர்களை வாசிப்பது வெர்னாவின் வேலை. முதல் பெயரைப் பார்த்ததும் அவளே நிறுத்தினாள்.

"கட்சிக்காரர், கோர்டன் லாம்பி. எனக்குத் தெரிஞ்சவர். என் புருஷனோட கூட்டாளி."

"டெர்வோ விவகாரம்தான் முடிஞ்சு போச்சே. உன்னைப் பத்தி நானே அவர்கிட்டக் கேட்டேன்" என்றார் ரோஸலின். "'அவங்க இருக்கறது நல்லது'ங்கறார்."

கோர்டி வந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, மனைவியைப் பற்றியும் இன்னும் சிலவற்றைப் பற்றியும் சொன்னான். ஊரில் யாருக்கும் தெரியாத சங்கதிகள். வெர்னா குறித்துக்கொண்டாள். அவளை நம்பித்தான் வந்தானா, மற்ற வக்கீல் ஃபுளோரிடாவிலிருந்து இன்னும் திரும்பாததால் வந்தானா என்பது விளங்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "வெர்னா..." என்றான்.  தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

சாயங்காலம் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது ரெய்னோ, "கோர்டி வண்டி உங்க ஆபீஸ் முன்னால நின்னுச்சாமே" என்றான்.

வெர்னா கரண்டியால் சூப்பைக் கலக்கினாள். "உப்பை எடு."

அவன் உடனே எடுக்கவில்லை. டிசம்பரில் உறைந்த ஏரிமேல் கால் வைப்பதற்கு முன் பார்ப்பதைப் போல அவள் முகத்தைப் பார்த்தான். எங்காவது விரிசல் இருக்கிறதா என்று நிதானமாகத் தேடினான். பிறகு உப்பை நகர்த்தி அவள் பக்கம் வைத்தான்.